லூர்துசாமி பேருக்கு இன்னும் தபால் வருது

தபால் பை தோள்ல ஏறிட்டா, உள்ள இருக்கிற சேதிக்கும் நாமதான் பொறுப்புன்னு ஊரு முடிவு கட்டிடும். என்னை மாதிரி ஏலாக்குறிச்சிப் பக்கம் வீடு வீடா அலையிறவங்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்ல. ஆனா செத்தவர் பேருக்கு வர்ற தபாலை ஒரு தடவை குடுத்துப் பாருங்க, அப்பத் தெரியும்.

வண்டி எப்படி ஓடுது?

லூர்துசாமி சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுனவரு. புது பைக் வாங்குன மூணாம் மாசமே அதுல அடிபட்டு, திருச்சி ஆஸ்பத்திரியில ரெண்டு நாள் கிடந்து போய்ச் சேர்ந்துட்டாரு. முப்பதாம் நாள் பூசை முடிஞ்ச வாரம், பைக் கம்பெனிக் கவர் ஒண்ணு பளபளன்னு வந்துச்சு. அவரு சம்சாரம் செலின் படிக்கச் சொல்ல, நானும் சத்தமாப் படிச்சுத் தொலைச்சேன். புது வண்டியில பயணம் இனிமையா இருக்கான்னு கேட்டிருந்தாங்க. மூணாவது படிக்கிற மக ஜெனியை உள்ள அனுப்பிட்டு செலின் சொல்லுச்சு: "இனிமே அவரு பேருக்கு எது வந்தாலும் இங்க குடுக்காதீங்கக்கா. சவப்பொட்டியை மூடித்தான் கொண்டாந்தாங்க, புள்ள அப்பா மூஞ்சியைப் பாக்கல. செத்துட்டாருன்னு நான் சொல்றேன், இல்லேன்னு அச்சடிச்சு வருது. அது எதை நம்பும்?"

கையெழுத்து வேணுமாம்

அடுத்தது அந்த ஆஸ்பத்திரியே. ஆறு மாசம் ஆயிடுச்சாம், உடம்பு எப்படி இருக்கு, செக்கப்புக்கு வாங்கன்னு ஒரு கார்டு. பொணத்தைத் துணியில சுத்திக் குடுத்தவங்களே அவங்கதான்! 'பெறுநர் காலமானார்'னு சிவப்பு மையில எழுதித் திருப்பி அனுப்புனேன். பதிலும் கார்டுதான், அதுவும் லூர்துசாமி பேருக்கே. தாங்கள் காலமான தகவல் கிடைத்தது, உறுதிப்படுத்த நேரில் வந்து கையெழுத்திடவும்னு இருந்துச்சு. எங்க போஸ்ட் மாஸ்டர் பெரம்பலூர்க்காரர், எதுக்கும் பதற மாட்டாரு. அவரே ரெண்டு தடவை படிச்சுட்டுத்தான் வாயைத் திறந்தாரு: "ஆளு வந்து கையெழுத்துப் போட்டா எனக்கும் ஒரு போன் போடும்மா."

பென்சில்ல எழுதுன கார்டு

நான் லீவு போட்ட அன்னிக்கு வேற ஆளு ஒரு செக்கப் கார்டைக் கொண்டுபோய் ஜெனி கையிலயே குடுத்திருக்காரு. அடுத்த வாரம் கோயிலடித் தபால் பொட்டியைத் திறக்கிறேன், பென்சில் எழுத்துல ஒரு கார்டு. ஆஸ்பத்திரி அட்ரஸ் கொஞ்சமும் பிசகல. 'எங்க அப்பா லூர்துசாமி அங்க இருந்தா வூட்டுக்கு அனுப்பி வைங்க. செக்கப்புக்கு நானே கூட்டிட்டு வரேன். இப்படிக்கு ஜெனி.'

பொட்டியில விழுந்ததைக் கிழிச்சா வேலை போயிடும். படிச்சாவது அவங்களுக்கு உறைக்கட்டும்னு முத்திரை குத்தி அனுப்பிட்டேன். என் புத்தியைச் செருப்பாலதான் அடிக்கணும். பத்தே நாள்ல ஆஸ்பத்திரியிலேர்ந்து செல்வி ஜெனி பேருக்கு அச்சடிச்ச கார்டு வந்துச்சு. உயிரோட இருக்கிற ஆளு பேருக்கு வந்த தபாலு, திருப்ப வழியில்ல. செலின் வர்றதுக்குள்ள புள்ள எழுத்துக்கூட்டிப் படிச்சு முடிச்சிடுச்சு. தங்கள் கோரிக்கை ஏற்கப்பட்டது, ஏழு வேலை நாட்களில் நிறைவேற்றப்படும். ஜெனி விரலை மடக்கி எண்ணிட்டு என்னைப் பாத்துக் கேட்டுச்சு: "ஞாயித்துக்கிழமை இதுல சேராதுல்லக்கா?"

கம்பெனிக்கார, ஆஸ்பத்திரிக்காரச் சாமிகளா, செத்தவங்களுக்கு நீங்க எழுதுறதைக்கூடப் பொறுத்துக்கிறோம், உயிரோட இருக்கிறவங்களுக்குப் பதில் மட்டும் போட்டுடாதீங்க.