ஏழுமலையின் பாட்டு இருந்த பெட்டி

உப்பு வாரிக்கொண்டிருந்தபோது சாவுச் செய்தி வந்தது. பஷீர் பாயின் மைத்துனர் வண்டியை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு வரப்பின் மேல் நடந்து வந்தார். "பாய் மவுத்தாயிட்டாரும்மா. கடையில ஒக்காந்திருந்தவரு அப்படியே சாஞ்சிட்டாரு" என்றார். வெயிலில் பாத்தி முழுக்க வெள்ளையாய்த் தெரிந்தது.

மரக்காணம் பக்கத்துத் திருவிழாக்களில் எங்கள் கச்சேரியைக் கேட்டவர்களுக்கு அவரைத் தெரியும். மேடை ஓரத்தில் பேஸ் கிடாருடன் சிரிக்காமல் நிற்பாரே, அந்த உயரமான மனிதர். பகலில் கோட்டக்குப்பத்தில் ரேடியோ, டிவி ரிப்பேர் செய்வார். முதல் மேடையில் என் குரல் நடுங்கியபோது, "மைக்கைப் பாக்காதம்மா. எதிர்ல ஒக்காந்திருக்கிற ஒருத்தரைப் பாத்துப் பாடு, போதும்" என்றார்.

எங்கள் குழுவில் கீபோர்டு வாசித்தவன் ஏழுமலை. கடலோரக் குப்பத்துக்காரன். துபாயிலிருந்து யாரோ கொண்டுவந்த பழைய சிந்தசைசர் அவனுடையது; பெட்டி என்றுதான் சொல்வோம். சுனாமிக்கு முந்தைய நாள் கோட்டக்குப்பத்தில் ஒரு கல்யாணக் கச்சேரி. முடிந்ததும், "பஸ்ல கூட்டமா இருக்கும், பொட்டிய இங்கயே வச்சிட்டுப் போ" என்றார் பாய். பெட்டி பாயின் கடையிலேயே இருந்தது. ஏழுமலை வீட்டுக்குப் போனான். மறுநாள் காலை கடல் அவனைக் கொண்டுபோனது, உடல் கிடைக்கவில்லை. "பொட்டிய இருக்கச் சொன்னேன், அவன இருக்கச் சொல்லல" என்று பாய் பல தடவை சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

அந்தப் பெட்டிக்குள் ஏழுமலை தன் மகளுக்காகப் போட்டுக்கொண்டிருந்த ஒரு பாட்டு இருந்தது. பாதிதான் முடித்திருந்தான். பொத்தானை அழுத்தினால் அவன் வாசித்ததை அது அப்படியே திரும்ப வாசிக்கும். அவன் அழுத்திய இடத்தில் அழுத்தும், தயங்கிய இடத்தில் தயங்கும். அவன் மனைவி மல்லிகா நிவாரணக் குடியிருப்பிலிருந்து மகளோடு வந்து, கட்டைகளின் மேல் உள்ளங்கையை வைத்தபடி கேட்டுவிட்டுப் போவாள்.

சில மாதங்களில் அதன் சின்னத் திரையில் பேட்டரி தீரப்போகிறது என்ற எச்சரிக்கை வந்தது. கரண்ட் இல்லாதபோது உள்ளே இருப்பதைக் காப்பது போர்டில் ஈயத்தால் பற்றவைத்த ஒரு வட்டமான பேட்டரிதான். அது தீர்ந்தால் பாட்டு அழிந்துவிடும். சும்மா கழற்றினாலும் அழிந்துவிடும். பாய் மல்லிகாவிடம் எல்லாவற்றையும் விளக்கினார். முதலில் பாட்டைக் கேசட்டில் பதிந்துவைத்தார். "மாத்துறப்ப பாட்டு போயிடவும் போயிடலாம்மா. செய்யட்டுமா?" என்று கேட்டார். அவள் தலையாட்டினாள்.

வேலை செய்த அன்று நானும் எங்கள் டிரம்ஸ்காரர் குமாரும் கடையில் இருந்தோம். பழைய பேட்டரியைக் கழற்றும்போது மின்சாரம் நின்றுவிடாமல் இருக்க, பக்கத்தில் இன்னொரு பேட்டரியை ஒயரில் இணைத்தார். பழையதை எடுத்தாயிற்று. புதியதைப் பற்றவைக்கக் குனிந்தபோது அந்த ஒயரின் முனை விட்டுக்கொண்டது. அவ்வளவுதான். பெட்டியைப் போட்டுப் பார்த்தார். பாட்டு இருந்த இடம் காலியாக இருந்தது. பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்தினார். பிறகு ஈயம் பற்றவைக்கும் சூட்டுக்கோலை அணைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

குமார் மெதுவாகச் சொன்னார்: "பாய், கேசட்டு இருக்குது இல்ல? அந்தம்மா வர்றப்ப டேப்பைப் பின்னாடி மறைச்சு வச்சு ஓட்டிடலாம். தெரியவா போகுது?"

பாய் கோபப்பட்டு நான் பார்த்தது அன்று மட்டும்தான். "வர்றப்பல்லாம் அந்தப் பொண்ணு கட்டை மேல கைய வச்சுக் கேக்குது. அதுல அவன் இருக்கான்னு நம்பிக் கேக்குது. டேப்பை ஓட்டி ஏமாத்தச் சொல்றியா?"

சட்டையைக்கூட மாற்றவில்லை. கேசட்டையும் தன் டேப் ரிக்கார்டரையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார். நானும் போனேன். மல்லிகா இருந்த தகரக் கொட்டகை வாசலில் நின்றபடியே, "அழிஞ்சு போச்சும்மா. என் கையாலதான் போச்சு" என்றார்.

மல்லிகா அவர் கையிலிருந்த கேசட்டைப் பார்த்தாள். பிறகு, "நீங்க தொடாமலே இருந்திருக்கலாம் பாய்" என்றாள். தொடாமல் இருந்தாலும் அது போயிருக்கும் என்று அவர் சொல்லவில்லை. கேசட்டையும் டேப் ரிக்கார்டரையும் வாசலில் வைத்துவிட்டுத் திரும்பினார். திரும்பும் பஸ்ஸில், அதைச் சொல்லியிருக்கலாமே என்று நான் கேட்டபோது, "அந்தப் பொண்ணு கோவப்பட ஒரு ஆள் வேணும்மா. கடலைப் போயா திட்ட முடியும்?" என்றார்.

அதன்பின் மல்லிகா கோட்டக்குப்பம் வரவில்லை. பாய் ஒவ்வொரு பெருநாளுக்கும் அவளைப் பார்க்கப் போனார். அவள் தண்ணீர் கொடுப்பாள்; பேசமாட்டாள்.

பாயின் மையத்தை அடக்கத்துக்கு எடுப்பதற்கு முன் அவள் வந்தாள். பெண்களோடு சுவரை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் அவருகிட்ட ஒரு வார்த்த பேசியிருக்கணும்க்கா" என்றாள்.

பாயிடமிருந்து நான் வைத்துக்கொண்டது மல்லிகாவிடம் போன அந்தப் பஸ் பயணத்தைத்தான். கெட்ட செய்தியை மடியில் வைத்துக்கொண்டு, அதை எப்படியாவது சின்னதாக்கிச் சொல்லலாமா என்று யோசிக்காமல், ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி உட்கார்ந்திருந்த அந்த மனிதரைத்தான்.