பதினோராவது வளைவுத் தண்ணீரும் அப்பாவின் கார் ஹீட்டரும்

கார் ஹீட்டர் சரியில்லை என்று மதுரையில் ஒர்க்‌ஷாப் ஒர்க்‌ஷாப்பாக ஏறி இறங்கியவன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். மூன்று இடத்திலும் ஒரே பதில்: "மதுரைல எதுக்கு சார் ஹீட்டரு?" மூன்றாவது ஆள் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தார். எனக்கு வந்த கோபத்தில் குடித்த டீயை அப்படியே வைத்துவிட்டு வந்தேன்.

விஷயம் இதுதான். போன தை மாதம் ஒரு வியாழக்கிழமை காலை ஏழரை மணிக்கு, போடிமெட்டு தாண்டிக் கேரள மலையில் பூப்பாறைக்குப் பக்கத்தில், ஒரு புது வீட்டுப் பால் காய்ச்சு. வீடு சாந்தாவுடையது. சாந்தாவும் என் அக்கா ராசாத்தியும் இளவயதில் ஒரே ஏலத்தோட்டத்தில் சேர்ந்து காய் எடுத்தவர்கள். நாற்பது வருஷம் எஸ்டேட் லயத்து வரிசை வீட்டிலேயே குடியிருந்த சாந்தா, இப்போதுதான் சொந்தமாக இரண்டு அறை கட்டியிருக்கிறார். "நீ வந்து பால் காய்ச்சுனாத்தான் நான் உள்ள காலெடுத்து வைப்பேன்" என்று அக்காவிடம் போனில் சொல்லிவிட்டார்.

அக்காவுக்கோ குளிர் ஆகாது. ஐந்து வருஷமாக இந்தத் தொந்தரவு. குளிர் பட்டால் விரல்கள் வெளுத்து மரத்துப்போகும், பிறகு நீலம் பாரித்து வலி உயிரை எடுக்கும். மலைப்பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் வாக்கப்பட்டது மலையடிவாரத்தில் இருக்கும் தேவாரம் என்கிற ஊரில். வாசலுக்கு வந்தால் மலை கண்ணெதிரே நிற்கும். ஐந்து வருஷமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பஸ்ஸிலும் ஜீப்பிலும் விடியற்காலைக் காற்று முகத்தில் அறையும். "கண்ணாடிய ஏத்திவிட்டு, ஹீட்டரப் போட்டு, வீட்டு வாசல்ல கொண்டுபோய் எறக்குறேன்" என்று நான்தான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். டாக்டரும், உடம்பையும் கையையும் சூடாக வைத்துக்கொண்டால் ஒரு நாள் போய் வரலாம் என்று அரை மனதாகத் தலையாட்டினார்.

கார் அப்பாவுடையது. எஸ்டேட்டில் ஜீப் ஓட்டி ஓய்வு பெற்ற கையோடு வாங்கிய டீசல் வண்டி. இருபத்திரண்டு வயது. அப்பா போய் ஆறு வருஷம் ஆகிறது, வண்டியை விற்க எனக்கு மனசு வரவில்லை. மார்கழியில் ஒருநாள் போடிமெட்டு வரை ஒத்திகை பார்க்கப் போனபோதுதான் வண்டவாளம் தெரிந்தது. ஃபேன் சத்தம் ஊரைக் கூட்டியது, வந்ததோ வெறும் வெதுவெதுப்பு. வண்டியை ஓரம் கட்டினால் அதுவும் நின்றுபோனது.

மதுரைக்காரர்கள் கைவிட்டதால் புதன்கிழமை காலை ஆறரைக்குக் கிளம்பிப் போடிக்கே போனேன். தேனி வழியாகத் தொண்ணூறு கிலோமீட்டர், இரண்டே கால் மணி நேரம். தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு தினமும் மலையேறும் ஜீப்புகள் எல்லாம் இங்கேதான் பழுது பார்க்க வரும். இந்த ஊரில் ஹீட்டரைப் பற்றிக் கேட்டால் யாரும் சிரிக்க மாட்டார்கள். பஸ் ஸ்டாண்டுக்குக் கொஞ்சம் தள்ளி, சுருளி என்கிற மெக்கானிக்கிடம் வண்டியை விட்டேன். நாற்பது வயதுக்காரர், வாய் கொஞ்சம் நீளம்.

அவர் பானெட்டைத் திறக்கவே இல்லை. எஞ்சினைப் பத்து நிமிஷம் ஓடவிட்டு டேஷ்போர்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இந்தச் சூடு காட்டுற முள்ளு நடுவுக்கு வருமா?"

"எப்பவும் கீழதான் நிக்கும் தம்பி. சூடே ஆகாது, தங்கமான எஞ்சின்."

"நல்லாருக்கே! சூடே ஆகாத எஞ்சின்ல உங்களுக்குச் சூடு எங்கருந்துண்ணே வரும்?"

பழைய கார் வைத்திருப்பவர்கள் இதைக் கவனியுங்கள். ஹீட்டர் தனி அடுப்பு இல்லை. எஞ்சினில் சுற்றும் வெந்நீர், டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் ஒரு குட்டி ரேடியேட்டருக்குள் வந்து போகும். ஃபேன் அதன் மேல் ஊதும், அவ்வளவுதான். எஞ்சின் நீரைச் சூட்டிலேயே பிடித்து வைப்பது தெர்மோஸ்டாட் என்கிற சின்ன வால்வு. சுருளி அது உட்காரும் இடத்தைக் கழற்றி எனக்குக் காட்டினார். வெறும் பொந்து.

"யாரோ வேணும்னே எடுத்துவிட்ருக்காங்கண்ணே. ஏத்தத்துல கொதிக்கக் கூடாதுன்னு நம்ம பக்கத்து டிரைவருக செய்ற வேல."

அந்த யாரோ யார் என்று எனக்குத் தெரியும். எஸ்டேட் ஜீப் ஓட்டிப் பழகிய கை.

புது தெர்மோஸ்டாட் எண்ணூற்றைம்பது ரூபாய். மாட்டிவிட்டு மதியம் ஒன்றரைக்கு முந்தல் செக்போஸ்ட் தாண்டி நான்கு வளைவு ஏறிப் பார்த்தோம். முள் சமர்த்தாக நடுவில் வந்து நின்றது. ஆனால் காற்று? முன்னைக்குக் கொஞ்சம் பரவாயில்லை, அவ்வளவே. விடிந்தால் பால் காய்ச்சு. அக்கா போன மாதமே புடவை எடுத்து வைத்துவிட்டாள்.

திரும்பி வந்ததும் சுருளி, ஹீட்டருக்குப் போகும் இரண்டு ஓஸ் பைப்பையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். (துணியைச் சுற்றிக்கொண்டு தொடுங்கள். நான் வெறும் கையால் தொட்டு, பெரியவர்கள் பேசாத வார்த்தை ஒன்றைப் பேசினேன்.) உள்ளே போகும் பைப் கொதித்தது. வெளியே வரும் பைப்பில் சூடே இல்லை. உள்ளே அடைப்பு. தண்ணீர் விட்டுக் கழுவிப் பார்க்கலாம், வராவிட்டால் டேஷ்போர்டையே பிரிக்க வேண்டும், இரண்டு நாள் சோலி என்றார். அப்போது மணி மூன்று.

எஞ்சினை ஆறவிட்டு இரண்டு பைப்பையும் கழற்றி, வெளியே வரும் பக்கத்திலிருந்து மெதுவாகத் தண்ணீரைத் திருப்பி விட்டார். முதலில் சொட்டு. அப்புறம் காப்பிக் கலரில் குபுகுபுவென்று வந்தது. பிறகு பொடிமணல். வாளி அடியில் மினுமினுவென்று படிந்தது.

"எந்த ஊர்த் தண்ணிண்ணே இது? மண்ணையும் சேத்து மோந்து ஊத்திருக்கீக!"

எந்தத் தண்ணீர் என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. போடிமெட்டு ரோட்டில் பதினோராவது வளைவில் பாறை இடுக்கிலிருந்து விழும் ஊற்று. அப்பாவின் எஸ்டேட் ஜீப் கீழிருந்து லோடு ஏற்றி வரும்போதெல்லாம் அங்கே கொதித்து நிற்கும். அக்காவும் நானும் ஆளுக்கொரு கேனை எடுத்துக்கொண்டு போட்டி போட்டு ஓடுவோம். தண்ணீர் பனிக்கட்டி மாதிரி இருக்கும். விரல் விறைத்து வந்து நின்றால் அப்பா எங்கள் நாலு கையையும் பிடித்து ஜீப் பானெட்டின் மேல் வைத்து அழுத்துவார். சாக்கை விரித்துத்தான் வைப்பார், சுடாமல் இருக்க. அந்தச் சூடு தோள்வரை ஏறும். எனக்குத் தெரிந்து அதைவிடச் சுகம் உலகத்தில் கிடையாது.

கார் வந்த பிறகும் அப்பா விடவில்லை. அது கொதிக்காத வண்டி, தண்ணீரே கேட்காது. ஆனாலும் பதினோராவது வளைவில் நிறுத்தி ஒரு கேன் பிடித்து, பழையதைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, இதை ரேடியேட்டரில் ஊற்றுவார். அவர் போன பிறகு நானும் வருஷத்துக்கு ஒரு தடவை போய் அதையே செய்தேன். அப்பாவுக்குச் செய்கிற காரியமாக நினைத்துச் செய்தேன். கடைசியில் அக்காவின் விரலுக்கு வேண்டிய சூட்டை ஆறு வருஷமாக நானேதான் அடைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. சிரிப்பும் வந்தது.

"வாளியக் கொட்டிரவாண்ணே?" என்றார் சுருளி. கொட்டச் சொன்னேன். கொட்டிய பிறகுதான் ஒரு பிடி எடுத்து வைத்திருக்கலாமோ என்று தோன்றியது. அதற்குள் சாக்கடைக்குப் போய்விட்டது.

தண்ணீர் கண்ணாடியாக வரும் வரை முக்கால் மணி நேரம் ஓடவிட்டார். பிறகு கூலன்ட் ஊற்றி, முன்சக்கரம் மேட்டில் நிற்கிற மாதிரி வண்டியை ஏற்றி, மூடியைத் திறந்துவைத்து எஞ்சினை ஓட்டி, உள்ளே மாட்டிய காற்றையெல்லாம் குமிழி குமிழியாக வெளியேற்றினார். கூலன்ட் தொள்ளாயிரம், கூலி ஆயிரத்து ஐந்நூறு. ஐந்தரைக்கு ஹீட்டரைப் போட்டதும் ஐந்து நிமிஷத்தில் எனக்கு வேர்த்தது. நல்ல வெயில் ஊரில் கண்ணாடியை ஏற்றிவிட்டு, வேர்க்க வேர்க்கச் சிரித்துக்கொண்டு தேவாரம் போய்ச் சேர்ந்தேன்.

மறுநாள் காலை ஐந்து மணிக்குக் கிளம்பினோம். (தேவாரம் பக்கம் தோட்டங்களில் யானை இறங்கும். விடியுமுன் போவதாக இருந்தால் ஊர்க்காரர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.) போடி இருபது கிலோமீட்டர், அங்கிருந்து பதினேழு கொண்டை ஊசி வளைவு ஏறிப் போடிமெட்டு இருபத்தாறு. மேலே மூடுபனியில் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. அக்கா கையுறையைக் கழற்றிவிட்டு இரண்டு கையையும் காற்று வரும் இடத்தில் வைத்தபடியே வந்தாள். ஏழு மணிக்குச் சாந்தா வீட்டு வாசலில் இறக்கினேன்.

"எடீ, நிஜமாவே வந்துட்டியா!" என்று சாந்தா கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். அக்கா அழவில்லை. நேரே அடுப்படிக்குப் போய்த் தன் கையால் தீ மூட்டிப் பால் வைத்தாள். பால் கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது.

மதியச் சாப்பாடு முடிந்து இரண்டரைக்குத் திரும்பினோம். மறுபடியும் பனி இறங்கியிருந்தது. பதினோராவது வளைவு வந்ததும் அக்கா, "நிறுத்துடா" என்றாள்.

"வண்டிக்குத் தண்ணி வேண்டாம்க்கா. ஊத்துனா சுருளி என்னைய வைவாரு."

"வண்டிக்கு யாருடா கேட்டா?"

நான் சுற்றி வருவதற்குள் இறங்கிப்போய் ஊற்றுக்குள் மணிக்கட்டு வரை இரண்டு கையையும் விட்டுவிட்டாள். "ஏக்கா, உனக்கென்ன கிறுக்கா!" என்று கத்தினேன். அவள் பாட்டுக்கு ஒரு கை அள்ளிக் குடித்து, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். விரல்கள் பச்சரிசி மாவாக வெளுத்திருந்தன. துடைத்துவிட்டு, உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தி ஹீட்டரை முழுசாகத் திருப்பினேன்.

இறக்கத்தில் எஞ்சினுக்கு வேலை கிடையாது. ஹீட்டரின் யோக்கியதை அப்போதுதான் தெரியும். முள் நடுவை விட்டு அசையவில்லை. மணி மூன்று பன்னிரண்டு. அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர். மூன்று பத்தொன்பதுக்கு விரல் நுனிகளில் ரத்தம் திரும்பியது.

"வலிக்குதாக்கா?"

"வலிச்சா வலிச்சுட்டுப் போகுதுடா" என்றாள். கையைத் திருப்பித் திருப்பிக் காட்டிக்கொண்டே இருந்தவள், கொஞ்ச நேரம் கழித்து, "ஜீப்பு பானெட்டு மேல வச்ச மாதிரியே இருக்கு" என்றாள்.

அடுத்த நான்கு வளைவுக்கும் நான் ஹீட்டரைக் குறைக்கவே இல்லை.

இந்தப் பக்கம் பழைய வண்டியில் போகிறவர்களுக்கு: மலையேறுவதற்கு ஒரு வாரம் முன்பே முள் நடுவுக்கு வருகிறதா பாருங்கள். எஞ்சின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியில் கை வைக்காதீர்கள். கூலன்ட் தவிர வேறெதையும் ஊற்றாதீர்கள், எவ்வளவு நல்ல தண்ணீராக இருந்தாலும் சரி. பதினோராவது வளைவில் கட்டாயம் நிறுத்துங்கள். அந்தத் தண்ணீரை நீங்கள் குடியுங்கள். இறங்குமுன் எஞ்சினையும் ஹீட்டரையும் அணைக்காமல், வண்டியைப் பார்த்துக்கொள்ள உள்ளே ஒருத்தரை உட்காரவைத்துவிட்டுப் போங்கள்; திரும்பி வரும்போது கை விறைத்திருக்கும்.