மணல் மேட்டுக்கு எதிர் வீடு

எங்கள் ஊர் உறுவையாற்றில் பாத்திமா மேரியைப் பயந்தாங்கொள்ளி என்று சொன்னால் சின்னப் பிள்ளைகூடச் சிரிக்கும். களை எடுக்கும்போது காலடியில் நெளிந்த கட்டுவிரியனை ஒரே போடாகப் போட்டுவிட்டு, அடுத்த வரிசைக்கு நகர்ந்தவள் அவள். கோயில் கமிட்டிக்காரர்களை நடுத்தெருவில் நிறுத்திக் கேள்வி கேட்டவள். அப்படிப்பட்டவள் போன வருஷம் டவுனை ஒட்டிய மூலக்குளத்தில், காலை ஒன்பது மணி வெயிலில், கையில் பால் பாக்கெட்டோடு அழுதுகொண்டு ஓடினாள். பக்கத்து வீட்டுக்காரி என்பதால் இதை என்னிடம் மட்டும் சொன்னாள். நானும் ஒரு வாரம் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன்.

பதினான்கு வயதில் நாற்று நடப் போனவள். கல்யாணம் ஆனபிறகு ஏழு வருஷம் சித்தாள் வேலை. சாரத்திலிருந்து விழுந்து இடுப்பில் அடிபட்டதும் சட்டி தூக்குவது நின்றுபோனது. அதற்குப் பிறகு நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. எல்லாம் பக்கத்து ஊர்களில்தான். காலையில் போனால் பொழுது சாய வீடு திரும்பிவிடுவாள். வெளியில் தங்கி வேலை பார்த்தது அமுதம் டீச்சர் வீட்டில்தான் முதல் தடவை.

டீச்சர் பாகூர்ப் பக்கம். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்துவிட்டு ஓய்வு பெற்ற மறுவருஷமே பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் குழறிவிட்டது. மகன் குமரவேலுக்குச் சென்னையில் வேலை. மூலக்குளத்தில் புதிதாக மனை பிரித்த இடத்தில் அவன் வீடு கட்டி வைத்திருந்தான். அம்மாவை அங்கே கொண்டுவந்து படுக்க வைத்துவிட்டு, சனி ஞாயிறு மட்டும் வந்து போனான். பாத்திமா மேரியையும் அவனே காரில் அழைத்துப்போய் விட்டான். அம்மாவை ஒரு நிமிஷம்கூடத் தனியாக விடக்கூடாது, கேட் எப்போதும் பூட்டியே இருக்க வேண்டும் என்று இரண்டு முறை சொன்னான்.

முதல் நாளிலிருந்தே அந்த இடம் அவளுக்குப் பயமாக இருந்தது. எல்லாம் ஒரே மாதிரி வீடு. ஒரே வெள்ளிநிறக் கேட், ஒரே சந்தனநிறச் சுவர், மேலே நாக்கைத் தள்ளிய திருஷ்டி பொம்மை. மூன்று வீட்டுக்கு ஒரு வீடு அரைகுறையாக நின்றது. எங்கள் ஊரில் ஒரு வீட்டில் குழந்தை அழுதால் எதிர் வீட்டிலிருந்து ஏன் என்று குரல் வரும். அங்கே ஒன்பது நாளில் ஒரு மனிதர்கூட அவளை யாரென்று கேட்கவில்லை. செத்துக் கிடந்தாலும் நாற்றம் வந்தால்தான் தெரியும் என்று நினைத்துக்கொள்வாளாம்.

பத்தாம் நாள் காலை, கேட்டில் தொங்க வேண்டிய பால் பை வரவில்லை. டீச்சர் பாலில்தான் மாத்திரை விழுங்குவார். குக்கரில் கஞ்சியை ஏற்றி, தீயைக் குறைத்து வைத்தாள். இரண்டு விசிலுக்குள் வந்துவிடலாம் என்று கணக்கு. போன் சார்ஜில் கிடந்தது. டீச்சரிடம் சொல்லிவிட்டு, கேட்டைப் பூட்டி, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள். வீட்டுக்கு அடையாளமாக, வீடு கட்ட ஆரம்பித்திருந்த எதிர்மனையின் முன்னால் ஆள் உயரத்துக்குக் கொட்டியிருந்த மணல் மேட்டைப் பார்த்து வைத்துக்கொண்டாள். ஊரில் நாங்கள் எல்லோரும் அப்படித்தான் வீடு கண்டுபிடிப்போம். வைக்கோல் போர், முருங்கை மரம், கட்டியிருக்கும் மாடு. யார் வீட்டு நம்பரைப் பார்த்தோம்?

முனைக் கடை மூடியிருந்தது. வில்லியனூர் ரோடு வரை போகவேண்டி வந்தது. திரும்பி வரும்போது மணல் மேடு இல்லை.

தெரு மாறி வந்துவிட்டோம் என்று அடுத்த தெருவுக்குள் போனாள். அங்கேயும் இல்லை. அதற்கடுத்த தெருவிலும் இல்லை. எல்லாக் கேட்டும் அதே கேட். எதிரில் பைக்கில் வந்தவரிடம் அமுதம் டீச்சர் வீடு எது என்று கேட்டாள். அப்படி யாரும் இங்கே இல்லை என்று அவர் போய்விட்டார். டீச்சரே இரண்டு மாதம் முன்னால் படுக்கையோடு வந்து இறங்கியவர். அவர் பெயர் யாருக்குத் தெரியும்? மனை நம்பர் என்ன என்று ஒரு பெண் கேட்டாள். பாத்திமா மேரிக்குத் தெரியாது. குமரவேலின் நம்பரும் போனில்தான் இருந்தது, மனதில் இல்லை.

இதற்குள் எத்தனை விசில் வந்திருக்கும் என்று விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். தண்ணீர் வற்றியிருக்கும். குக்கர் வெடித்தாலும், கேஸ் பிடித்துக்கொண்டாலும், உள்ளே இருப்பவரால் எழுந்து கதவைத் திறக்க முடியாது. கத்தவும் வராது. பூட்டு வெளியே, சாவி இவள் முந்தானையில். "நானே அந்தம்மாள உள்ள வச்சுப் பூட்டிக் கொன்னுட்டேன்னு நெனச்சேன்டி" என்றாள் என்னிடம்.

மாதாவே மாதாவே என்று சொல்லிக்கொண்டு, சரியாக இருக்கும்போல் தோன்றிய ஒரு கேட்டில் சாவியைப் போட்டாள். சாவி திரும்பவில்லை. உள்ளேயிருந்து பனியன் போட்ட ஒருவர் வந்தார்.

"யாரும்மா நீ? எங்க வூட்டுப் பூட்ட இன்னா பண்ற?"

அவள் சொன்னதை அவர் நம்பவில்லை. வேலை பார்க்கும் வீட்டை எவளாவது தொலைப்பாளா என்றார். போனை நீட்டி அவளைப் படம் பிடித்தார். ஆதார் இருக்கிறதா, ஆள் வரும்வரை அங்கேயே நில் என்றார். வேறு நாளாக இருந்தால் பாத்திமா மேரி அவரை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாள். அன்றைக்குக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"படுத்த படுக்கையா ஒரு அம்மா உள்ள கீறாங்க சார். அடுப்பு எரியுது. அப்புறம் வந்து நிக்கறேன்."

ஓடினாள். அழுதபடி தெருமுனையில் மூச்சு வாங்கி நின்றபோதுதான் புத்தி வந்தது. ஏழு வருஷம் மணல் சுமந்தவளுக்கு, மணல் ஓரிடத்தில் தங்காது என்பது மறந்து போயிருந்தது. தெருவில் கொட்டிய மணல் எங்கே போகும்? கட்டும் வீட்டின் அடித்தளத்துக்குள், பேஸ்மட்டத்துக்குள்தான் போகும். மண் அள்ளும் பொக்லைன் மிஷின் வந்தால் கால் மணி வேலை. அதற்குமேல் அவள் மேட்டைத் தேடவில்லை, தரையைத் தேடினாள். இரண்டாம் தெருவில், ஏற்கெனவே இரண்டு முறை கடந்துபோன இடத்தில், ரோட்டில் ஈரமாக ஒரு பெரிய திட்டும், பொக்லைன் சக்கரத் தடமும் இருந்தன. பக்கத்தில் பேஸ்மட்டம் நிறையப் புது மணல். திரும்பி எதிர்க் கேட்டில் சாவியைப் போட்டாள். பூட்டு திறந்தது.

வீடு முழுக்கக் கருகல் புகை. அடுப்பை அணைத்தாள். குக்கர் வெடிக்கவில்லை, கஞ்சி அடியில் கரியாகக் கிடந்தது. அறைக்குள் ஓடினாள். டீச்சர் கட்டிலின் விளிம்புவரை நகர்ந்து வந்து, இடது காலைக் கீழே தொங்கவிட்டு, கம்பியைப் பிடித்தபடி கிடந்தார். முகமெல்லாம் கண்ணீர். இவளைக் கண்டதும் இடது கையால் இவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். ஒன்பது நாளாக ஒரு வார்த்தை தெளிவாக வராத வாயிலிருந்து, "போவாத" என்று வந்தது.

"போவல டீச்சர்" என்று சொல்லிவிட்டு, தரையில் உட்கார்ந்து இவளும் அழுதாள்.

பத்து மணிக்கு வழக்கம்போல் குமரவேல் கூப்பிட்டான். மறைத்திருக்கலாம். கருகல் நாற்றம் போனில் போகாது. ஆனால் அவள் நடந்ததை எல்லாம் சொல்லிவிட்டு, வேலையை விட்டு நிறுத்தினாலும் சரிதான், அதற்குமுன் இந்த வீட்டு நம்பரைச் சொல்லுங்கள் என்று கேட்டாள். கோபமாக ஆரம்பித்தவன் அந்தக் கேள்வியில் நின்றான்.

"பத்திரத்துலதான் இருக்குக்கா. பாத்துட்டுச் சொல்றேன்" என்றான்.

போன் ஸ்பீக்கரில் இருந்தது. டீச்சர் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். முக்கால் மணி நேரம் தொலைந்ததற்கே தனக்கு உயிர் போய் உயிர் வந்ததே, இந்த அம்மாள் இரண்டு மாதமாக எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல்தானே கிடக்கிறார் என்று பாத்திமா மேரிக்கு அப்போதுதான் உறைத்தது.

அவளை யாரும் நிறுத்தவில்லை. மறுநாள் மூலையில் மடித்துக் கிடந்த சக்கர நாற்காலியைத் துடைத்து, டீச்சரை உட்கார வைத்து, துண்டால் இடுப்பைக் கட்டி, கேட்டுக்கு வெளியே தள்ளிக்கொண்டு போனாள். பால் வாங்கவும் இரண்டு பேருமாகத்தான் போனார்கள். பனியன்காரர் படத்தை அழித்துவிட்டதாகத் தானாகவே வந்து சொன்னார். இவள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு நடந்தாள்.

பயம் போய்விட்டதா என்று கேட்டேன். எங்கேடி போகும் என்றாள். இன்றும் அந்தக் கேட்டை வெளியில் பூட்ட அவளுக்குக் கை வராது.

ஒரு மாதம் கழித்து, எதிர்மனைக்குச் செங்கல் லாரி வர வேண்டியிருந்தது. டிரைவருக்கு இடம் தெரியவில்லை, போனில் கேட்டான். மேஸ்திரியின் போனை வாங்கிச் சித்தாள் பெண் ஒருத்தி தெருவே கேட்கச் சொன்னாள்: "ரெண்டாவது தெருப்பா. டீச்சர் வூட்டுக்கு எதிர்ல."

கேட்டருகே நாற்காலியில் இருந்த டீச்சர் அதைக் கேட்டார். பாத்திமா மேரியின் மணிக்கட்டைத் தேடிப் பிடித்து, அழுத்திக்கொண்டார்.