டேப்பட் சத்தமும் என் விரலும்

நான் அஞ்சாவது வரைதான் படித்தேன். கோர்வையாக எழுத வராது, மறதியும் ஜாஸ்தி. பொறுத்துக்கொள்ளுங்கள்.

சில வருஷங்களுக்கு முன்னால், ஒரு சித்திரை வெயிலில், பள்ளிகொண்டா தாண்டி ஆம்பூர் போகிற ரோட்டில் நடந்தது இது. திமிரிப் பக்கத்திலிருந்து என் வீட்டுக்காரர் உப்புப் போடாத பச்சைத் தோல் ஏற்றி வந்தார். வெயில் ஏறுவதற்குள் தொழிற்சாலையில் இறக்காவிட்டால் தோல் கெட்டுவிடும். அப்புறம் லோடே தரமாட்டார்கள்.

எங்கள் லாரி பழசு. என்ஜினுக்குள் வால்வைத் தட்டுகிற டேப்பட் அடிக்கடி லூசாகி, டக் டக்கென்று அடிக்கும். அதைக் கேட்டுத்தான் இடைவெளியைச் சரிசெய்ய வேண்டும். அவருக்கோ காது மந்தமாகிவிட்டது. அதனால் நானும் லாரியில் கூடப் போவேன். சத்தம் எப்படி வருகிறதோ அப்படியே அவர் கையில் விரலால் தட்டுவேன். அதை வைத்து அவர் புரிந்துகொள்வார்.

அன்றைக்கு டேப்பட் ரொம்ப அடித்தது. ஓரம் கட்டினார். என்ஜின் ஆறுகிற வரை காத்திருந்து, மூடியைத் திறந்து, இடைவெளியில் மெல்லிசுத் தகடு விட்டு அளவு பார்த்து முடுக்குவார். ஏறி ஸ்டார்ட் பண்ணுவார். நான் தட்டுவேன். மறுபடி இறங்குவார். தோல் லேசாக நாற ஆரம்பித்துவிட்டது.

பக்கத்தில் வண்டி நிறுத்தியிருந்த ஒரு டிரைவர் பையன் ஜன்னலண்டை வந்து சிரித்தான். "இன்னா ஆயா, தாத்தா ஓடிப்புடுவாருன்னு கையப் புடிச்சிக்கினு கீறியா?"

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. நாலு பேர் எதிரில் அவர் கையைத் தொட்டவளே இல்லை நான். சட்டென்று எடுத்துவிட்டேன்.

"கைய ஏம்மே எடுத்துட்ட? அடிக்குதா இல்லியா?" என்று அவர் ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினார்.

பையனுக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. சிரிப்பை நிறுத்தி, "எறங்கு தாத்தா" என்று அவனே என்ஜினைக் கையால் சுற்றிக் கொடுத்தான், இவர் டேப்பட்டை முடுக்கினார். அவன் கையெல்லாம் கிரீஸ்.

இந்தத் தடவை ஸ்டார்ட் பண்ணியதும் சத்தம் அடங்கியிருந்தது. என் விரலும் நின்றது. ஆனால் கையை எடுக்க மனசு வரவில்லை. அவரும் இன்னொரு கையால் ஸ்டியரிங்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். அப்புறம், "கைய வுடுமே, கியர் போடணும்" என்றார்.

தோல் கெடாமல் போய்ச் சேர்ந்தது.

இப்போது அவர் இல்லை. லாரியையும் பழைய இரும்புக்குப் போட்டாயிற்று. தெருவில் ஏதாவது வண்டி டக் டக்கென்று அடித்துக்கொண்டு நின்றால், கட்டில் சட்டத்தில் என் விரல் தானாகத் தட்டுகிறது. அதைப் புரிந்துகொள்ள அந்தப் பக்கம் யாரும் இல்லை.

அன்று அடித்தது முன் டேப்பட்டா, பின் டேப்பட்டா என்பதுகூட மறந்துவிட்டது. கேட்டால் உடனே சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான். லாரி வேலை தெரிந்தவர்கள் யாராவது படித்துப் பார்த்து, தப்பாக எழுதியிருந்தால் திருத்திப் போடுங்கள்.