‘நார்மல்’ என்று வந்த படம்

இருபத்தாறு வருஷமாக லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் ஏறி இறங்கும் தண்டவாளத்தை மயிரிழை பிசகாமல் நிறுத்துவார் என்பதால் கூட வேலை பார்த்தவர்கள் அவரை ‘நூல்’ என்றே கூப்பிட்டார்கள். ஐம்பத்தோராவது வயதில் அவர் கை மந்தமானது. அரை மணி நேர வேலை இரண்டு மணி நேரம் இழுத்தது. பராமரிப்பு நோட்டில் அவர் கையெழுத்து வரி முடிவதற்குள் எறும்பளவாகச் சிறுத்தது. வலது கை மடியில் சும்மா கிடந்தால் கட்டைவிரல் தானாக எதையோ உருட்டியது. குடிக்கிறார் என்று பேசிக்கொண்டார்கள். அவரோ ஒரு சொட்டு தொட்டதில்லை.

நரம்பு டாக்டர் பார்கின்சன்ஸ் என்றார். மாத்திரை எழுதிக் கொடுத்து, மூளையில் கட்டி, அடைப்பு எதுவும் இல்லையென்று உறுதி செய்ய ஸ்கேனும் எடுக்கச் சொன்னார். எல்லாம் நார்மல் என்று வந்தது. லேசான வேலை கேட்டு அந்த ரிப்போர்ட்டையும் டாக்டர் கடிதத்தையும் மேனேஜரிடம் நீட்டினார் நூல்.

“ஸ்கேன்ல ஒண்ணுமே இல்லைங்கறான். அப்புறம் எதுக்குங்க லேசான வேலை?”

வீட்டில் மனைவியின் தம்பியும் சேர்ந்துகொண்டான். “மூளை நல்லா இருக்குன்னா எல்லாம் மனசுலதான் மாமா. காலையில நல்லா நடங்க.”

“நீ வாய மூடிட்டு சாப்பிடு,” என்று அக்கா தட்டை ணங்கென்று வைத்தாள்.

நூல் மறுபடி டாக்டரிடம் போய் நின்றார்.

“சாதாரண ஸ்கேன்ல இது தெரியாதுங்க,” என்றார் டாக்டர். “மூளைத்தண்டோட மேல்பக்கத்துல கறுப்பா ஒரு சின்னப் பகுதி இருக்கு. அங்க செல்லெல்லாம் செத்துப்போறதுதான் இந்த வியாதி. பெரிய மெஷின்ல நுணுக்கமா எடுத்தா, நல்லா இருக்கறவங்களுக்கு அங்க ரெண்டாப் பிளந்த குருவி வால் மாதிரி தெரியும். இந்த வியாதி வந்தா பெரும்பாலும் அந்த வால் காணாமப் போயிடும்.”

“இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமே சார்?”

டாக்டர் அடுத்தவரைக் கூப்பிட மணியை அழுத்தினார்.

மேனேஜரிடம் காட்ட அந்தப் படத்தையும் எடுத்துவிடுவது என்று முடிவு செய்தார் நூல். பெரிய மெஷின் வேறொரு ஆஸ்பத்திரியில் இருந்தது. ஆறு வாரம் காத்திருந்தார். மாத்திரை போடாமல் வரச் சொன்னார்கள் கவுன்டரில்.

“அசையாம படுங்க சார்,” என்றாள் டெக்னீஷியன்.

“அசையாம படுத்தாத்தாம்மா இது ஆடும். வேலை செஞ்சா நின்னுடும். கையில ஒரு ஸ்க்ரூடிரைவர் குடு, பாரு.”

“இரும்ப உள்ள கொண்டுபோனா மெஷினே இழுத்துக்கும் சார்!”

கை ஆட, உடம்பு ஆட, தலையும் ஆடியது. படம் தண்ணீர் பட்ட மை போலக் கலங்கி வந்தது. இன்னும் மூன்று வாரம். மறுபடி அதே கலங்கல். “மாத்திரை போடாம யார் வரச் சொன்னது?” என்று தலையில் அடித்துக்கொண்டாள் டெக்னீஷியன். மூன்றாவது முறை மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழித்துப் படுக்கவைத்தாள். தலையைச் சுற்றிப் பஞ்சு அடைத்து, வலது கையைத் தொடைக்கடியில் செருகிவிட்டாள். மெஷின் மண்டைக்குள் டமடமவென்று இடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார்.

படம் தெளிவாக வந்தது. “இடது பக்கம் வால் சுத்தமா இல்ல. வலது பக்கமும் மங்கிட்டு வருது,” என்றார் டாக்டர்.

“அப்பாடா!” என்று சொல்லிவிட்டார் நூல். பக்கத்தில் மனைவி முகத்தை மூடிக்கொண்டாள். எதற்காகச் சந்தோஷப்பட்டோம் என்று அவருக்கே அருவருப்பாக இருந்தது.

புதுப் படத்தோடு மறுபடி லேசான வேலை கேட்டதும், தலைமை அலுவலகம் அவரைக் கம்பெனி டாக்டரம்மாவிடம் அனுப்பியது. அந்த அம்மா படத்தை உறையிலிருந்து எடுக்கவே இல்லை. விரல்களைத் தட்டச் சொன்னார், வராந்தாவில் நடக்கச் சொன்னார், ஒரு வரி எழுதச் சொன்னார். பத்தே நிமிஷம்.

“பார்கின்சன்ஸ்தான். இதுக்குப் படம் எதுக்கு? பார்த்தாலே தெரியுதே.”

“ஏழு மாசமா ஆபீஸ்ல ஒருத்தரும் பார்க்கலையே மேடம்!”

கத்த வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தார். குரல் முணுமுணுப்பாகத்தான் வெளியே வந்தது. குரலும் சிறுத்துவிட்டது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

லேசான வேலை கிடைத்தது. புகார் வாங்கும் டெலிபோன். நடுவழியில் நின்ற லிஃப்டுக்குள் இருந்து ஆட்கள் கூப்பிடுகிறார்கள். எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும், எதைத் தொடக் கூடாது என்பது அவருக்குத் தூக்கத்திலும் தெரியும்.

“ஒண்ணும் கேக்கல, சத்தமாப் பேசுங்க!” என்கிறார்கள் அவர்கள்.

“பேசிட்டுத்தான்யா இருக்கேன்!” என்று நாற்காலியிலிருந்து எழுந்து நின்று சொல்கிறார் நூல்.