வாசித்துக் காட்டாத வரி

சங்கரன்கோவில் பத்திர ஆபீஸ் எதிரே கோமதிநாயகம் முப்பது வருஷமாகப் பத்திரம் எழுதுகிறார். அப்பா நிலத்தில் பெண்ணுக்கும் சமபங்கு என்று சட்டம் வந்ததில் அவருக்கு வேலை கூடியதுதான் மிச்சம். அண்ணன்மார் புதுச்சேலை எடுத்துக் கொடுத்து, தங்கச்சியை வேனில் கூட்டி வருவார்கள். பங்கு வேண்டாமென்று அவள் விடுதலைப் பத்திரத்தில் ரேகை வைப்பாள். வாசிக்கச் சொல்லி யாரும் கேட்டதில்லை, அவரும் வாசித்ததில்லை.

இளையரசனேந்தல் பேச்சியம்மாள் பெருவிரலில் மையைத் தொட்டுக்கொண்ட பிறகு கேட்டாள். "வாசிங்க அண்ணாச்சி. கேட்டுட்டு வைக்கேன்."

இரண்டு அண்ணன்மாரும் முகம் சுளிக்க, அவர் கடகடவென்று வாசித்தார். "மேற்படி நான்கு ஏக்கர் கரிசலில் மூன்றில் ஒரு பங்கு எனக்குப் பாத்தியப்பட்டது. அதை..."

"நிறுத்துங்க. அது எனக்கா?"

"ஆமா தாயி. உனக்குன்னு இருந்தாத்தான விட்டுக்குடுக்க முடியும்."

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. எழுதிய அத்தனை விடுதலைப் பத்திரத்திலும், பங்கு அந்தந்தப் பெண்ணுடையது என்றுதான் முதலில் எழுதியிருக்கிறார். ஒருத்திக்கும் சொன்னதில்லை.

பேச்சியம்மாள் மைவிரலைப் புதுச்சேலையில் அழுத்தித் துடைத்தாள். "அந்த வரியை மட்டும் இன்னொருக்கா வாசிங்க."

கோமதிநாயகம் எழுந்து நின்று வாசித்தார்.