கேட்காமல் நடந்த டோரீன்

உங்களுக்கு உரிமையான ஒன்றைப் பயன்படுத்திவிட்டு, அதற்காக யாருக்காவது நன்றி சொல்லியிருக்கிறீர்களா? அவசரப்பட்டு இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். உங்கள் பிறந்த தேதியை எழுதிக் கொடுக்க ஓர் அலுவலகத்தில் மூன்று நாள் அலையவிட்டவருக்குக் கும்பிடு போட்டதில்லையா? உங்கள் வரிப்பணத்தில் கட்டிய நிழற்குடையில், அதைத் திறந்து வைத்தவரின் பெயர்ப் பலகைக்குக் கீழே, விருந்தாளியைப்போல் ஒதுங்கி நின்றதில்லையா?

எழுபத்தொரு வயதாகியும் அப்படி ஒருமுறைகூட நன்றி சொல்லாத ஒருத்தியை எனக்குத் தெரியும். பெயர் டோரீன் ஹெப்பிள். இங்கிலாந்தின் வடகிழக்கில் ஹெல்ம்ஸ்கார் என்ற ஊரில் இருபத்தாறு ஆண்டுகள் பேருந்து ஓட்டினாள். கடைசிப் பத்தாண்டுகள் அதே டிப்போவில் நானும் ஓட்டினேன்.

ஊருக்கு மேலே, ஆற்றின் வளைவில் ஹெல்ம்ஸ்கார் கோட்டை இருக்கிறது. நடுவில் கோபுரம், அதற்குச் சீட்டு வாங்க வேண்டும். ஆனால் வெளிமதிலின் வாசலில் நுழைந்து, புல்வெளி ஓரமாக நடந்து, மறுபக்கத்து வாசல் வழியே ஆற்றங்கரைக்கு இறங்க ஒரு பாதை உண்டு. அதற்குச் சீட்டு கிடையாது. மே மாதக் கடைசித் திங்கட்கிழமை இங்கே விடுமுறை. மழை தூறினாலும் ஊரே அந்தப் பாதையில் ஏறும். தட்டையான பெரிய ரொட்டிக்குள் பன்றி இறைச்சியும் பட்டாணி மசியலும் வைத்து, ஃபிளாஸ்கில் தேநீர் ஊற்றிக்கொண்டு, மதில் நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, குளிர்கிறது என்று புலம்பியபடியே இறங்குவார்கள். அவர்களுக்கு அது திருவிழா.

கோபுரத்துக்குள் டோரீன் ஒரே ஒருமுறைதான் போயிருக்கிறாள். வழிகாட்டி, படிக்கட்டில் உலவும் சாம்பல் உடைப் பெண் பேயைப் பற்றிச் சுவையாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அகழியை வெட்டியவர்கள் எத்தனை பேர், எத்தனை பேர் செத்தார்கள் என்று டோரீன் கேட்டாள். குறிப்பு எதுவும் இல்லை என்றான். இல்லாத பேய்க்கு உடையின் நிறம்வரை தெரிகிறது, இருந்த மனிதர்களுக்குத் தலைக்கணக்குக்கூட இல்லையா என்று சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டாள். அதன் பிறகு சீட்டுக்கு ஒரு பென்னிகூடச் செலவழித்ததில்லை.

அவள் சுரங்கத் தொழிலாளியின் மகள். எட்டு வயதில், கோட்டைச் சீமாட்டி சுரங்கத்தார் பிள்ளைகளுக்கு வருடாவருடம் கொடுக்கும் தேநீர் விருந்துக்கு வரிசையில் நிறுத்தப்பட்டாள். ஒவ்வொரு பிள்ளையும் முழங்காலை மடக்கி, நன்றி சீமாட்டி என்று சொன்னால்தான் பன் கிடைக்கும். டோரீன் சொல்லவில்லை. ஆசிரியை காதைத் திருகிக் காரணம் கேட்டார்.

"அவங்க வீட்டு அடுப்புல எரியறது எங்கப்பா வெட்டுன கரி. அவங்கதான் எனக்கு நன்றி சொல்லணும்."

பன் கிடைக்கவில்லை. வீட்டில் கன்னத்தில் அம்மாவின் அறை கிடைத்தது. அப்பா மட்டும் அந்தப் பதிலை மதுக்கடையில் ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாராம்.

அவளைத் திமிர் பிடித்தவள் என்று ஊரார் சொன்னார்கள். டிப்போவில் முதல் பெண் ஓட்டுநராகச் சேர்ந்த நாளில், பின்னோக்கி எடுக்கத் தெரியுமா என்று ஒருவன் சீண்டினான். அவன் கார் நின்றிருந்த மூலைக்கு இரட்டைமாடிப் பேருந்தை ஒரே வீச்சில் பின்னோக்கிக் கொண்டுபோய், ஒரு கை அகல இடைவெளி விட்டு நிறுத்தினாள். அவனால் அன்று மாலை வரை காரை வெளியே எடுக்க முடியவில்லை. ஆனால் அவளிடம் மரியாதை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. இங்கே பேருந்திலிருந்து இறங்கும் எல்லோரும் ஓட்டுநருக்கு நன்றி சொல்வார்கள். அவள் ஒவ்வொருவருக்கும் திரும்பி முகம் பார்த்துப் பதில் சொல்வாள். இதை மட்டும் எப்படி ஏற்றுக்கொள்கிறாய் என்று கேட்டேன்.

"இது வேல செஞ்சவளுக்குச் சொல்றது. சும்மா நிலத்த வச்சிக்கிட்டு இருக்கறவனுக்குச் சொல்றது இல்ல. இந்த வித்தியாசம் தெரியாமத்தான் இந்த நாடே கெட்டுப்போச்சு."

அதிகாரத்தின் முன்னால் குனிந்தே பழகிய முதுகை இந்த நாட்டில் நாகரிகம் என்கிறார்கள். நம் ஊரில் பணிவு என்கிறோம். சொல் வேறு, வளைவு ஒன்றுதான்.

தொண்ணூற்று நான்கில் கோட்டை நிர்வாகம் வெளிவாசலில் ஒரு காவலரை உட்கார வைத்தது. பெயர் சார்ல்டன், நேர்மையான மனிதர். யாரையும் தடுக்க வேண்டாம், போகலாமா என்று ஒரு வார்த்தை கேட்டால் விட்டுவிடு, கேட்காதவர்களைக் குறித்து வை என்று உத்தரவு. வாசலில் ஆள் நின்றால் இங்கிலாந்துக்காரர்களுக்கு வாய் தானாகத் திறந்துவிடும். போகலாமா, நன்றி, மிக்க நன்றி. மே மாதத் திங்களன்று டோரீன் வந்தாள், நிற்காமல் நடந்தாள்.

"ஒரு வார்த்த கேட்டுட்டுப் போங்க, மிஸஸ் ஹெப்பிள். நான் என்ன மாட்டேன்னா சொல்லப்போறேன்?"

"நீங்க மாட்டேன்னு சொன்னாலும் போவேன் சார்ல்டன். அப்புறம் எதுக்குக் கேக்கணும்?"

அடுத்த வருடம் டிப்போவிலிருந்து இரண்டு பேர் அவளுடன் கேட்காமல் நடந்தார்கள். அதற்கடுத்த வருடம் ஐந்து பேர். நான் வேலைக்குச் சேர்ந்த வருடம் என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். காவலரைக் கண்டதும் எனக்கு அந்த வார்த்தை வாய் வரை வந்துவிட்டது. முழங்கையால் விலாவில் இடித்தாள். விழுங்கிவிட்டேன்.

அவளுடைய பள்ளித்தோழி பெரில் டாட்ஸ் நேர்மாறு. தேவாலயப் பெண்கள் குழுவின் செயலாளர். ஒவ்வொரு ஜூன் மாதமும், எங்களைப் பாதையில் அனுமதித்தமைக்கு மனமார்ந்த நன்றி என்று பூப்போட்ட அட்டையில் எழுதி, குழுவினர் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிக் கோட்டைக்கு அனுப்புவாள். டோரீனிடமும் நீட்டினாள். டோரீன் அட்டையைத் தொடக்கூட இல்லை.

"ஒரு கையெழுத்துதானடி. மரியாத கொடுத்தா என்ன தேஞ்சா போயிடுவே?"

"உன் வீட்டுக் கதவத் திறந்ததுக்கு உனக்கே நன்றி எழுதுவியா பெரில்?"

இரண்டு பேரும் ஒன்றரை வருடம் பேசிக்கொள்ளவில்லை.

மூன்று வருடங்களுக்கு முன்பு கோட்டை ஒரு நிறுவனத்தின் கைக்குப் போனது. வெளிவாசலில் சுழலும் இரும்புக் கதவு வந்தது. பாதையில் நடக்கவே பதினான்கரை பவுண்டு. நான்கு பேர் கொண்ட குடும்பம் ரொட்டி தின்னப் போவதென்றால் ஒரு வாரத்து மளிகைச் செலவை வாசலில் வைத்துவிட்டுப் போக வேண்டும். பிள்ளை குட்டிக்காரர்கள் திரும்பி இறங்கினார்கள். டோரீன் மாவட்ட நிர்வாகமான கவுன்ட்டி கவுன்சிலுக்குப் போனாள்.

சட்டம் எளிது. மக்கள் இருபது ஆண்டுகள் ஒரு வழியில் தொடர்ந்து நடந்திருந்தால் அது பொதுப்பாதை. ஆனால் பூட்டை உடைத்து நடந்திருக்கக் கூடாது, ஒளிந்து நடந்திருக்கக் கூடாது, அனுமதி பெற்று நடந்திருக்கக் கூடாது. மூன்றாவது நிபந்தனையைப் படித்ததும் டோரீன் நாற்காலியில் சாய்ந்து சிரித்ததாக அங்கிருந்த எழுத்தர் சொன்னார்.

அறுபத்தொரு பேர் சாட்சிப் படிவம் எழுதிக் கொடுத்தார்கள். சென்ற இலையுதிர் காலத்தில், அரசு அனுப்பிய ஆய்வாளர் ஒரு பெண்மணி, எங்கள் ஊர் நூலக மாடியில் விசாரணை நடத்தினார். நிறுவனத்தின் வழக்கறிஞர் கத்தவில்லை, மிரட்டவில்லை. ஒவ்வொரு சாட்சியிடமும் இனிமையாக ஒரே கேள்வி கேட்டார். உள்ளே போகும்போது காவலரிடம் கேட்டுவிட்டுத்தானே போனீர்கள்?

கேட்காமல் போவோமா, நாங்கள் என்ன காட்டுமிராண்டிகளா என்று முதல் சாட்சி நெஞ்சை நிமிர்த்தினார். இரண்டாவது சாட்சி, நான் நன்றியும் சொல்வேன் என்றார். வரிசையாக ஒன்பது பேர், தங்கள் நல்ல வளர்ப்பை நிரூபிக்கும் உற்சாகத்தில் தங்கள் பாதையைத் தங்கள் வாயாலேயே அடைத்தார்கள். பிறகு வழக்கறிஞர் ஒரு பெட்டியைத் திறந்து மேசைமேல் பரப்பினார். இருபத்து மூன்று பூப்போட்ட அட்டைகள். அனுமதித்தமைக்கு மனமார்ந்த நன்றி. பெரிலின் முகம் சுவரைப்போல் வெளுத்தது.

டோரீன் சாட்சி நாற்காலிக்குப் போய், தான் ஒருநாளும் கேட்டதில்லை என்றாள். அதை முழுமையாக நம்புகிறேன் என்று வழக்கறிஞர் தலையசைத்தார். அரங்கத்தில் சிலர் சிரித்தார்கள். ஆனால் ஒருவருடைய முரட்டுத்தனமும், அவர் பின்னால் போன டிப்போ நண்பர்கள் சிலரின் வாய்ச்சொல்லும் பொதுமக்களின் வழக்கம் ஆகாது என்றார். மற்ற எல்லோரும் கேட்டுவிட்டுத்தான் போனார்கள் என்பதற்குத் தன் கடைசிச் சாட்சியாக சார்ல்டனை அழைத்தார்.

எண்பத்து மூன்று வயது. கைத்தடியுடன் வந்தார். கேட்டவர்களை உள்ளே விட்டீர்களா என்றதற்கு, விட்டேன் என்றார். வழக்கறிஞர் உட்கார்ந்துவிட்டார். ஆய்வாளர் மட்டும், கேட்காதவர்களைக் குறித்து வைக்கச் சொன்னார்களாமே, வைத்தீர்களா என்று விசாரித்தார். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து குறித்தேன் என்றார் கிழவர். காவல் குறிப்பேடுகள் கோட்டை அலுவலகத்தில்தான் இருந்தன. அதுவரை யாரும் அவற்றைப் பிரிக்கவில்லை. மறுநாள் காலை அவை மேசைக்கு வந்தன.

ஆய்வாளர் ஒவ்வொரு வருடமாக வாசித்தார். முதல் வருடம்: ஹெப்பிள், கேட்கவில்லை. அடுத்து: ஹெப்பிளும் இருவரும், கேட்கவில்லை. பிறகு ஐந்து, பதினொன்று, முப்பது. இரண்டாயிரத்து நான்கில் பெயர்கள் நின்றுபோயிருந்தன. ஏன் என்று ஆய்வாளர் கேட்டார்.

"கை வலிச்சுதும்மா. பாதி ஊரு கேக்காமத்தான் போச்சு. கேட்டவங்கள எழுதியிருந்தா சீக்கிரம் முடிஞ்சிருக்கும்."

நான் மேசையைத் தட்டிச் சிரித்துவிட்டேன். அந்தப் பக்கங்களில் என் பெயரும் இருந்தது, எழுத்து தப்பாக.

வழக்கறிஞர் எழுந்து, அட்டைகளை மறந்துவிடக் கூடாது என்றார். அப்போது பெரில், அழைக்காமலே எழுந்து நின்றாள். வாழ்க்கையில் முதல்முறையாக அனுமதி கேட்காமல் பேசினாள் என்று நினைக்கிறேன்.

"நாங்க நடந்தது மே மாசம். அட்ட எழுதுனது ஜூன் மாசம். அனுமதி குடுத்தோம்னு அவங்க ஒரு வரி எழுதுனது உண்டா? இருபத்து மூணு வருஷத்துல ஒரு பதில் அட்டகூட வரல. மரியாதைக்கு எழுதுனேன். அந்த மரியாதைய இப்ப திருப்பி எடுத்துக்கறேன்."

அதற்குச் சட்டத்தில் இடமில்லை என்றார் வழக்கறிஞர். இடம் நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி, பெரில் டோரீனுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

ஐந்து மாதம் கழித்து உத்தரவு வந்தது. போதுமான மக்கள் யாரையும் கேட்காமல், எல்லோரும் பார்க்க, இருபது ஆண்டுகளுக்கு மேல் நடந்திருக்கிறார்கள், ஆகவே அது பொதுப்பாதை. அகலம் ஆறடி. இரும்புக் கதவைக் கழற்றினார்கள். ஆனால் முழு வெற்றி என்று நான் பொய் சொல்லமாட்டேன். பாதைதான் கிடைத்தது, புல்வெளி கிடைக்கவில்லை. நிறுவனம் பாதையின் இரு பக்கமும் கயிறு கட்டி, புல்லில் உட்காரத் தடை என்று பலகை நட்டது.

இந்த மே மாதக் கடைசித் திங்களன்று இருநூறு பேர் ஏறினோம். உட்கார இடமில்லை, நடக்க உரிமை உண்டு. ஆகவே நடந்துகொண்டே தின்றோம். இந்த வாசலிலிருந்து அந்த வாசல் வரை, திரும்ப அங்கிருந்து இங்கே வரை, கையில் ரொட்டியோடு இருநூறு பேர். மூன்றாவது சுற்றில் நிறுவனத்தின் இளம் மேலாளர் ஓடி வந்தார். உண்மையில் நல்ல பையன். பெரியவர்கள் களைத்துவிடுவீர்கள், இன்று ஒருநாள் புல்லில் உட்காருங்கள், ஒரு வார்த்தை கேட்டால் போதும் என்றார்.

டோரீன் மென்று விழுங்கும்வரை அவரைக் காக்க வைத்தாள்.

"வேணாம் கண்ணு. கேட்டா இன்னிக்கு மட்டும் உக்காரலாம். கேக்காம இருந்தா என்னிக்காவது இதுவும் எங்களுதாகும்."

அப்படியே நடந்தாள். பெரில் அவள் கையைக் கோர்த்துக்கொண்டு கூடவே நடந்தாள்.

நீங்கள் ஹெல்ம்ஸ்காருக்கு வர வேண்டாம். உங்கள் தெருவிலேயே ஒரு பாதை இருக்கும். ஏரிக்கரைக்கோ, சுடுகாட்டுக்கோ, பள்ளிக்கூடத்துக்கோ போகும் பாதை. யாரோ அதில் வேலி போட்டிருப்பார்கள், அல்லது போடப் பார்ப்பார்கள். நாடு வேறு, சட்டம் வேறுதான். ஆனால் எந்த நாட்டிலும் சாட்சி சொல்ல ஆள் வேண்டும். இன்றே ஒரு தாளை எடுங்கள். எந்த வருடத்திலிருந்து நடக்கிறீர்கள், யார் யாரோடு நடந்தீர்கள் என்று எழுதுங்கள். கடைசி வரியில், யாரையும் கேட்கவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். பக்கத்து வீட்டுக்காரரிடமும் ஒரு கையெழுத்து வாங்குங்கள். பிறகு இருவருமாக எழுந்து போய், அந்தப் பாதையில் நடங்கள்.